கெட்டிமேளத்துக்கு நான் காட்டிய விரல்

புதிதாகக் கல்யாணம் பதியும் உரிமை பெற்றிருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் வாழ்த்துகள். சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பீர்கள். நானும் மாட்டினேன். ஒரு வருடம் அதைப் பார்த்துப் பார்த்து என்னை நானே நீதவான் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு கல்யாணத்தில் யாரோ என்னைக் "கடதாசி அன்ரி" என்று கூப்பிட்டு, கோக் போத்தல் ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார்கள். செலிபிரண்ட் என்கிற நமது தொழிலின் அந்தஸ்து அவ்வளவுதான். ஐயர் ஓமம் வளர்ப்பார், மேளகாரர் வாசிப்பார், சமையல்காரரை ஊரே புகழும். நாம் மூலையில் ஒரு மேசை போட்டு, அரசாங்கத்துக்காகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள்.

படிவம் நிரப்புவது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது, படித்தால் நல்ல நித்திரையும் வரும். மெல்பேர்னில் பதினாறு வருடம் இந்த வேலை செய்துவிட்டு, இந்த வருடம் பதிவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னைப் பேச அழைத்தவர்கள் என் சாதனைகளைச் சொல்லச் சொன்னார்கள். சாதனை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பெரிய பிழை இருக்கிறது. அது படிவத்தில் நடந்ததல்ல, என் வலது கைச் சுட்டுவிரலால் நடந்தது. அதைச் சொல்கிறேன்.

என்னைப் பழக்கியவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. இருபது வருடம் கல்யாணம் பதிந்தவர். மயங்கி விழுந்த மாப்பிள்ளை, முன்னாள் மனைவி நடுவில் வந்து உட்கார்ந்த கல்யாணம், கேக்கைத் தின்ற நாய் எல்லாம் பார்த்தவர். அவர் எனக்குத் தந்த அறிவுரை ஒன்றே ஒன்று. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் பாட்டைப் போடு. பாட்டுக் கேட்டால், நடப்பதெல்லாம் திட்டப்படிதான் நடக்கிறது என்று சனம் நினைக்கும். இந்த அறிவுரை பதினொரு வருடம் என்னைக் கைவிடவில்லை. அதன் பிறகு அதை வைத்துத்தான் ஒருத்தியின் வாயை அடைத்தேன்.

நமக்கென்று ஒரு வரி இருக்கிறது. உறுதிமொழிக்கு முன்னால் எல்லோருக்கும் கேட்கும்படி நாம் சொல்லியே ஆகவேண்டிய வரி. இந்த நாட்டுச் சட்டப்படி கல்யாணம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும், வேறெவருக்கும் இடம் வைக்காமல், மனம் ஒப்பி, வாழ்நாள் முழுவதற்கும் இணைவது. வெள்ளைக்காரர் கல்யாணத்தில் இதைச் சொன்னால் தலையைக் குனிந்து கேட்பார்கள். நம்முடைய கல்யாணத்தில் யார் கேட்பது? மண்டபத்தில் நானூறு பேர். முன்வரிசையில் யாருடைய பிள்ளைக்கு மெடிசின் படிக்க இடம் கிடைத்தது என்ற பேச்சு, பின்வரிசையில் சாப்பாடு எத்தனை மணிக்கு என்ற கவலை, நடுவில் நாதஸ்வரம்.

ஆகவே நான் மேளகாரரோடு ஓர் ஒழுங்கு செய்துகொண்டேன். இடது உள்ளங்கையை உயர்த்தினால் மேளம் நிற்கவேண்டும். வலது சுட்டுவிரலை ஆட்டினால் கெட்டிமேளம். தாலி கட்டுகிற கணத்தில் ஐயர்தான் விரல் ஆட்டுவது வழக்கம், ஆனால் எங்கள் தவில்காரர் நாளடைவில் ஐயரை விட்டுவிட்டு என் கையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஐயருக்கு மனவருத்தம்தான். ஆனாலும் அவருக்கும் இன்னொரு வீட்டில் பூசை இருக்கும், நேரத்துக்கு முடிந்தால் சரி என்று விட்டுவிட்டார்.

இந்த ஒழுங்கு எனக்குத் தலைக்கனத்தைக் கொடுத்தது. உள்ளங்கையை உயர்த்துவேன், நானூறு பேரும் கப்சிப். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வரியை ஆங்கிலத்தில் ஒரு தரமும் தமிழில் ஒரு தரமும் சொல்வேன். தமிழில் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் இறக்கி, "ஓர் ஆணும்" என்று நிறுத்தி, சபையை ஒரு சுற்றுப் பார்த்து, "ஒரு பெண்ணும்" என்பேன். எதற்கு அந்தச் சுற்றுப் பார்வை? ஒன்றுக்கும் இல்லை. பள்ளிக்கூட நாடகத்தில் எனக்கு எப்போதும் சேவகன் வேஷம்தான் கிடைத்தது, அதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

2004ஆம் ஆண்டு வந்தது. கல்யாணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று பாராளுமன்றம் சட்டத்துக்குள்ளேயே வரையறை எழுதிய வருடம். அதுவரை நான் சொன்ன வரியைக் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்ட சனம், திடீரென்று அதைத் தேவாரம் போலக் கேட்கத் தொடங்கியது. த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் வடை தின்கிற இடத்தில்கூட அதே பேச்சு. எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் பாலா அண்ணை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ராஜி, நீர் சொல்லுற அந்த வரிதான் இந்த நாட்டிலை எங்கடை கலாசாரத்துக்கு வேலி," என்றார். எங்கள் கலாசாரத்துக்கு வெள்ளைக்காரர் சட்டம் எப்போது வேலி போட்டது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாராட்டைக் கையில் வாங்கிக்கொண்டு இன்னொரு வடை எடுத்தேன்.

சட்டம் நிறைவேறி மூன்று வாரம்கூட ஆகவில்லை, பரமேஸ் அக்காவின் மகள் தர்சினிக்குக் கல்யாணம்.

பரமேஸ் அக்கா எண்பத்து மூன்று இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு கணவரில்லாமல் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவர். மூத்தவன் ரமணன், இளையவள் தர்சினி. ரமணனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. டேனியல் என்ற மலேசியத் தமிழ்ப் பிள்ளையோடு ஒரே வீட்டில் இருந்தான். டேனியல் யார் என்று கேட்டால் பரமேஸ் அக்கா "ரூம் மேட்" என்பார். பதினொரு வருடமாக ரூம் மேட். அந்த வீட்டில் நான்கு ரூம்.

எனக்கு விஷயம் தெரியும். யாரும் சொல்லவில்லை. ஒருநாள் டண்டினோங் சந்தையில் அவர்கள் இரண்டு பேரும் முருங்கைக்காய்க்குச் சண்டை பிடித்ததைப் பார்த்தேன். முற்றல் என்று ஒருவர், பிஞ்சு என்று மற்றவர், கடைசியில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே பையின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கல்யாணம் ஆனவர்கள்தான் அப்படிச் சண்டை பிடிப்பார்கள். பார்த்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ராஜியிடம் போனால் வெளியே வராது என்று என்னைப் பற்றி நானே நல்லபிப்பிராயம் வைத்திருந்தேன்.

இன்னொரு விஷயமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரமணனுக்கு இருபத்து நான்கு வயதில் தாடை உடைந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இடது புருவத்தில் இப்போதும் ஒரு வெட்டு. ரயில் நிலையப் படியில் வழுக்கி விழுந்தான் என்று பரமேஸ் அக்கா சொன்னார். மழைக்காலம், வழுக்கியிருக்கும் என்று நாங்களும் சொன்னோம்.

எங்கள் வழக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளையின் காலைக் கழுவி மணவறைக்கு அழைத்து வருவான். பிறகு தோழனாகத் தலைப்பாகையோடு பக்கத்தில் இருப்பான். கல்யாணம் ஆகாதவனாக இருக்கவேண்டும். ரமணன் அப்படியே இருந்தான். ஆளாளுக்கு வந்து "அடுத்தது நீதான்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். டேனியல் மூன்றாவது வரிசையில் வேட்டி சால்வையோடு, பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கு நடப்பதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். கிறிஸ்தவர், ஆனாலும் எங்களில் பாதிப் பேரைவிடச் சரியாக விளக்கினார்.

தர்சினி கூறைச்சேலை உடுத்து வந்து உட்கார்ந்தாள். தாலி தட்டில் சபையைச் சுற்றி ஆசீர்வாதம் வாங்கி வந்துவிட்டது. ஐயர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எங்கள் முறை இதுதான்: நான் வரியைச் சொல்லவேண்டும், மணமக்கள் சட்டப்படி உறுதிமொழி சொல்லவேண்டும், அதன் பிறகு தாலி. நல்ல நேரம் முடிய இருபது நிமிடம் இருந்தது. உள்ளங்கையை உயர்த்தினேன். மேளம் நின்றது. கண்ணாடியைச் சரிசெய்தேன்.

"ஓர் ஆணும்" என்றேன். சுற்றுப் பார்வை பார்த்தேன். "ஒரு பெண்ணும்" என்றேன்.

முன்வரிசையில் இருந்து பாலா அண்ணை கை தட்டினார். அவர் தட்டினால் சங்கமே தட்டும். இரண்டாவது வரிசை தட்டியது, பிறகு மண்டபம் முழுக்க. ஏன் தட்டுகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது, மணமக்களுக்கு வாழ்த்து என்று நினைத்திருப்பார்கள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. வெட்கக்கேடு என்னவென்றால், ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த கணம் ரமணனைப் பார்த்தேன். தலைப்பாகைக்குக் கீழே அந்த வெட்டு வெள்ளையாகத் தெரிந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை. தர்சினி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்ரி, நான் உறுதிமொழி சொல்லமாட்டன்."

மைக் எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளையின் முகத்தில் ரத்தம் இல்லை. அவர் நல்ல பிள்ளை, பாலம் கட்டுகிற எஞ்சினியர், எதிர்பாராதது நடந்தால் அவருக்கு ஒத்துவராது.

"பிள்ளை, என்னம்மா?" என்றேன்.

"கை தட்டினவையைக் கேட்கப் போறன். என்னத்துக்குத் தட்டினவை எண்டு. அவைக்கு ஒரு விஷயம் சொல்லப் போறன்." மைக்கின் பக்கம் சாய்ந்தாள். ரமணனை மறுபடியும் பார்த்தாள். அவன் தலை கொஞ்சம் அசைந்தது. நான் அதை, வேண்டாம் என்று அவன் கெஞ்சுவதாக எடுத்துக்கொண்டேன்.

பரமேஸ் அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. நானூறு பேர். அதில் ஒருவருக்குத் தெரிந்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயில் வரைக்கும் போய்விடும். ஒரு பிள்ளையின் ரகசியம் என் மைக்கில் உடையப்போகிறது. எனக்கு இருந்தது ஒரு மூச்சு நேரம். வெள்ளைக்கார அம்மா காதுக்குள் வந்தார். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் பாட்டைப் போடு.

தர்சினி "என்ரை அண்ணாவை" என்று தொடங்கினாள். நான் சுட்டுவிரலை ஆட்டினேன்.

தவில்காரர் விசுவாசமான மனுஷன். கூரை அதிர அடித்தார். நாதஸ்வரம் உச்சத்தில் ஏறியது. கெட்டிமேளம் கேட்டால் சனத்துக்கு வேறு யோசனை வராது, நானூறு கையிலிருந்தும் பூவும் அரிசியும் பறந்தன. மாப்பிள்ளைக்கு வீட்டில் ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: மேளம் பலமாகக் கேட்டால் கட்டு. அவர் கட்டிவிட்டார். ஐயர் மந்திரத்தைத் துரத்திக்கொண்டு பின்னால் ஓடினார். தர்சினியின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவளுடைய தலையில் அரிசி விழுந்துகொண்டிருந்தது.

நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன் தெரியுமா! பரமேஸ் அக்கா தூரத்திலிருந்து இரண்டு கையையும் கூப்பினார். கண்ணால் தண்ணீர் ஓடியது. நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

ஆனால் தாலி ஏறியதே தவிர, சட்டப்படி கல்யாணம் நடக்கவில்லை. உறுதிமொழி சொல்லவில்லையே. சனம் பந்திக்குப் போன பிறகு மணப்பெண் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதை முடிக்கவேண்டியிருந்தது. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். மாப்பிள்ளையின் தங்கை ஒருத்தி, ரமணன் மற்றவன். பூவை உதறிக்கொண்டு தர்சினி உறுதிமொழியைச் சொன்னாள். மாப்பிள்ளையைப் பார்த்து அன்பாகத்தான் சொன்னாள். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"படியிலை விழுந்தவனுக்கு முதுகிலை சப்பாத்து அடையாளம் எப்பிடி அன்ரி வரும்?"

நான் படிவங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"ட்ராமுக்கு நிண்டவங்கள் அன்ரி, அண்ணாவும் டேனியல் அண்ணாவும். நாலு பேர் வந்து அடிச்சவங்கள். என்ன சொல்லிச் சொல்லி உதைச்சவங்கள் எண்டு உங்களுக்குச் சொல்லட்டோ? பொலிஸ் வந்து கேட்க, அண்ணா பேர்ஸ் பறிக்க வந்தவங்கள் எண்டு சொன்னவன். பேர்ஸ் பொக்கெற்றுக்குள்ளை கிடந்தது. உண்மையைச் சொன்னால் அம்மாவுக்குத் தெரிஞ்சிடும் எண்ட பயம். அவையள் இண்டைக்குக் கை தட்டேக்குள்ளை எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது."

ரமணன் பேனாவைத் திறந்து சாட்சிக்குரிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அன்ரி, அவள் சொல்லட்டோ எண்டு என்னைப் பார்த்தவள். நான் ஓம் எண்டு தலையாட்டினனான்."

"நான் நினைச்சன் ராசா, நீ வேண்டாம் எண்டு..."

"தெரியும். எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம். பதினொரு வருஷத்திலை அந்த ஒரு நிமிஷம்தான் எனக்குத் துணிவு வந்தது. இனி எப்ப வருமோ தெரியாது."

அவன் பேனாவை மூடி என் கையில் தந்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டான். மணமக்களும் மாப்பிள்ளையின் தங்கையும் அவன் பின்னால் போனார்கள், நான் அந்த அறையில் தனியாக நின்றேன். அப்படி ஒரு கேவலத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் உணர்ந்ததில்லை.

இதுதான் அந்தப் பிழை. ரகசியம் யாருடையது என்று நான் ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. ரகசியம் என்றால் காப்பாற்ற வேண்டியது என்று நினைத்தேன். அதை வைத்திருந்தவனுக்கு அது நெஞ்சில் பாரமாக இருந்தது, இறக்கி வைக்க வந்தான், நான் மேளத்தை அடித்து மறுபடியும் ஏற்றிவிட்டேன். நான் காப்பாற்றியது அவனையா? பரமேஸ் அக்காவின் மானத்தை, பாலா அண்ணையின் நிம்மதியை, நான் நடத்திய கல்யாணம் குழம்பவில்லை என்ற என்னுடைய பெயரை. அடுத்த நாள் பரமேஸ் அக்கா நன்றி சொல்லி ஒரு டப்பா பயற்றம் பணியாரம் அனுப்பினார். அதை முழுக்கத் தின்றுவிட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அதற்குப் பிறகு அந்த வரிக்காக நான் மேளத்தை நிறுத்தியதில்லை. மூலை மேசையில் நின்று, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கிற குரலில், பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தை வாசிப்பதுபோல வாசித்தேன். சுற்றுப் பார்வையும் இல்லை. சில இளம் சோடிகள், இந்த வரி எங்களுக்குச் சம்மதமில்லை என்று நாங்கள் சொல்லலாமா என்று கேட்டார்கள். நான் சட்டத்தைச் சொல்லி முடித்த பிறகு நீங்கள் எதையும் சொல்லலாம் என்றேன். அவர்கள் சொன்னபோது கை என் மடியில்தான் இருந்தது. சங்கத்துக்குப் புகார் போனது. கடதாசி அன்ரிக்கு என்ன வந்தது என்று பேசினார்கள். பேசட்டும்.

ரமணன் ஐந்து வருடம் என்னோடு அவ்வளவாகக் கதைக்கவில்லை. கண்டால் சிரிப்பான். இந்த வருடம், 2009இல், ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"அன்ரி, சத்தியக் கடதாசிக்கு நீங்கள் சாட்சி ஒப்பம் வைப்பீங்களோ? உங்கடை பதிவு இன்னும் இருக்கோ?"

"இன்னும் ஒரு மாசம் இருக்கு ராசா. வா."

ஒருவனை அவன் யார் என்பதற்காக வெறுத்து அடித்தால், அந்த வெறுப்பையும் தண்டனையில் கணக்கில் எடுக்கவேண்டுமா என்று எங்கள் விக்டோரியா மாநிலத்தில் பேச்சு எழுந்திருந்த நேரம். அனுபவம் உள்ளவர்கள் எழுதி அனுப்பலாம் என்று அரசாங்கம் கேட்டிருந்தது. எழுதினால் மட்டும் போதும், சத்தியம் தேவையில்லை. ரமணனுக்குத்தான் சத்தியக் கடதாசியாகவே எழுதவேண்டும் என்று பிடிவாதம். பொலிசுக்கு ஒரு தரம் பொய் சொன்னவன், இந்த முறை உண்மை என்று சட்டத்துக்கு முன்னால் சொல்ல விரும்பினான்.

சனிக்கிழமை காலை ரோவிலில் என் வீட்டுக்கு வந்தார்கள். கோயிலுக்குப் போகிற வழி. பரமேஸ் அக்காவும் கூட வந்தார், பாஸ்போர்ட் விஷயம் என்று நினைத்துக்கொண்டு. வாசலில் டேனியல் நின்றார்.

"உள்ளை வாங்கோ தம்பி," என்றேன்.

"பரவாயில்ல ஆண்டி, நான் கார்லயே இருக்கேன். அவங்க பேசட்டும்."

குசினி மேசையில் இருத்தினேன். தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்தேன். மேசையில் தமிழ் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அன்றைய விவாதத்தில் யார் என்று நினைக்கிறீர்கள்? பாலா அண்ணைதான். அடி என்றால் எல்லா அடியும் ஒரே அடிதான், இதற்கென்று தனியாக என்ன சட்டம் என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

பரமேஸ் அக்கா தலையாட்டினார். "அவர் சொல்லுறது சரிதானே. அடி விழுந்தால் விழுந்ததுதான். என்னத்துக்கு அடிச்சவன் எண்டு கிண்டி என்ன செய்யிறது."

ரமணன் கடதாசியை மேசையில் வைத்தான். "அம்மா, நான் இதைத் தமிழிலை உங்களுக்கு வாசிக்கப் போறன். பேந்துதான் ஒப்பம் வைப்பன்."

பரமேஸ் அக்காவுக்கு விளங்கிவிட்டது. மகனின் முகத்தைப் பார்த்ததுமே விளங்கியிருக்கவேண்டும். "ஏனடா இப்ப? ஆறினதை ஏன் கிளறுறாய்? ராஜி, நீ சொல்லு இவனுக்கு." என்னைப் பார்த்த அந்தப் பார்வை, கல்யாண மண்டபத்தில் பார்த்த அதே பார்வை.

என் கை எழும்பியது. கேட்டுக்கொள்ளுங்கள், இத்தனைக்குப் பிறகும் எழும்பியது. பழக்கம் அவ்வளவு மோசமானது. வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, முதலில் தேத்தண்ணி குடிப்போம் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. கையை நீட்டி வானொலியை நிறுத்தினேன். பாலா அண்ணையை யாரும் பாதிப் பேச்சில் நிறுத்தியதில்லை, அது எனக்குக் கிடைத்த சிறிய போனஸ். கேத்தலையும் அணைத்தேன். குசினியில் ஒரு சத்தமும் இல்லை.

ரமணன் வாசித்தான். ஒரு பக்கம்தான். ட்ராம் தரிப்பு, நான்கு பேர், அவர்கள் சொன்ன சொற்கள். அந்தச் சொற்களைத் தமிழில் சொல்ல முடியாமல் ஆங்கிலத்திலேயே வாசித்தான். டேனியல் அவனைத் தூக்கி டாக்ஸியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பொலிசுக்குத் தான் சொன்ன பொய். அந்த டேனியலோடு பதினாறு வருடமாகக் குடும்பமாக வாழ்கிறேன் என்பது கடைசி வரி.

வாசித்து முடித்துக் கடதாசியை மேசையில் வைத்தான். நான் மடியில் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருடத் தொழிலில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அந்தச் சும்மா இருத்தல்தான்.

பரமேஸ் அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு கடதாசியை விரலால் தட்டினார்.

"இதிலை பாதிதான் கிடக்கு."

"என்ன அம்மா?"

"படியிலை விழுந்தவன் எண்டு ஊருக்குச் சொன்னது நான். அது இதிலை இல்லை. அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை அந்தப் பிள்ளையின்ரை சேட்டு முழுக்க உன்ரை ரத்தம். விறைச்சுப் போய் நிண்டவன். நான் அவனைப் பார்த்து, நீர் போம் தம்பி, இனி நாங்கள் பார்க்கிறம் எண்டு அனுப்பினனான். எனக்கு அண்டைக்கே எல்லாம் தெரியும். அதையும் எழுது."

"அது தேவையில்லை அம்மா."

"சத்தியக் கடதாசி எண்டுதானே சொல்லுறாய்? சத்தியம் எண்டால் முழுக்க எழுது."

ரமணன் அழுதான். நானும் அழுதேன், சாட்சி அழக்கூடாது என்று கையேட்டில் எங்கும் இல்லை. அவன் ஓரத்தில் இரண்டு வரி சேர்த்து எழுதினான். தட்டச்சுச் செய்த கடதாசியில் கையால் திருத்தினால் பக்கத்தில் எழுதியவரும் சாட்சியும் சுருக்கொப்பம் வைக்கவேண்டும், அது உங்களுக்குத் தெரியும். அவன் வைத்தான். நான் வைத்தேன். இதெல்லாம் உண்மைதானா என்று முறைப்படி அவனைக் கேட்டேன். அவனை முந்திக்கொண்டு பரமேஸ் அக்கா "ஓம்" என்றார்.

"ராஜி, அந்தப் பிள்ளை ஏன் இன்னும் வெயிலுக்கை நிக்குது? வரச் சொல்லு. கேத்தலை மூட்டு," என்றார் அடுத்ததாக.

டேனியல் வந்து உட்கார்ந்தார். பரமேஸ் அக்கா தானே தேத்தண்ணி ஊற்றி, இரண்டு கரண்டி சீனி போட்டு அவர் முன்னால் வைத்தார். எத்தனை சீனி என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருந்தது. அவர் குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இவங்கள் ரெண்டு பேருக்கும் நீ எப்ப கல்யாணம் எழுதப் போறாய்?"

"எழுத ஏலாது அக்கா. சட்டம் விடாது. ஆணும் பெண்ணும் எண்டு அந்த வரி இருக்கு."

பரமேஸ் அக்கா தேத்தண்ணிக் கோப்பையை ஒதுக்கிவைத்தார். பிறகு மேசையில் கிடந்த கடதாசியை, ஓரத்தில் மை காயாத அந்த இரண்டு வரியைக் காட்டினார்.

"பிழையெண்டால் இப்பிடித் திருத்தி, பக்கத்திலை ஒரு ஒப்பம் வைக்கேலாதோ?"

நான் பேனாவை மூடிவைத்தேன். அடுத்த மாதம் பதிவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது, நாளைக்கு நீங்களும் அதை வாசிக்கத்தான் வேண்டும். வாசித்து முடிந்ததும் யாராவது வாயைத் திறப்பார்கள். அப்போது விரலை ஆட்டிவிடாதீர்கள். தவில்காரர் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.